பெலாதோ ஏறப்போறோம்

"பெலாதோ ஏறப்போறோம்," என்றாள் கிரிசெல்தா, மேசையிலிருந்த ரொட்டித் தூளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்தபடி. "அக்டோபர் கடைசியில. மலை வழிகாட்டி வென்செஸ்லாவோகிட்ட பேசியாச்சு."

அபெலார்தோவின் வாயிலிருந்த தேநீர் உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் நின்றது.

அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பெலாதோ மலைதான் முதலில் தெரியும். பெயருக்கு ஸ்பானிஷில் வழுக்கை என்று அர்த்தம். மேல்பாதியில் ஒரு மரம் கிடையாது, காற்றுக்கு ஒதுங்க ஒரு பாறை கிடையாது. ஏரிக்கரை முழுக்கப் பூத்துக் கிடக்கும் அக்டோபர் வசந்தத்திலும் அது மட்டும் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். பலமாகக் காற்றடித்தால் ஆளைத் தூக்கி எல்லைக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவில் போட்டுவிடும் என்பார்கள். அபெலார்தோவோ பல்பு மாற்ற முக்காலியில் ஏறினாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தபால் நிலைய வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றதிலிருந்தே வீட்டில் ஏதோ சரியில்லை. அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. சந்தைக்கு அவள்கூடவே போனார், தோட்டத்துக்கும் அவள்கூடவே போனார், அவளுடைய தோழிகள் வந்தால் அவர்களோடும் உட்கார்ந்து பேசினார். அப்படியிருந்தும் போன வாரம் அவள், "இப்படியே போனா சரிப்படாது, கிழவா. ஏதாவது மாறணும்," என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கேட்ட மாற்றம் இந்த மலைதான் என்று இப்போது புரிந்தது. மறுத்தால் கல்யாணமே கவிழ்ந்துவிடும். சுற்றி வளைத்துத்தான் தப்பிக்க வேண்டும்.

"பனியில ஏற அதுக்குன்னு பூட்ஸ் வேணுமே. என்கிட்ட இல்லையே," என்றார், முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு.

கிரிசெல்தா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எதுக்குப் பூட்ஸ்?"

அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. இந்த வயதில் உனக்கெல்லாம் எதற்கு என்கிறாளா? மறுநாளே கடைக்குப் போனார். குளிர்காலம் முடிந்துவிட்டதால் மிஞ்சியிருந்த ஒரே ஜோடியும் ஒரு அளவு சின்னதாகத்தான் இருந்தது. நடக்க நடக்க இளகும் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு நடந்து வருவதற்குள் இளகியது அபெலார்தோவின் கால்தான். பூட்ஸ் கழலவே மாட்டேனென்றது. கிரிசெல்தா தரையில் உட்கார்ந்து குதிகாலைப் பிடித்து இழுக்க, அவர் நாற்காலியோடு சேர்ந்து அவளை நோக்கி நகர்ந்தார்.

"இவ்வளவு கஷ்டம் உனக்குத் தேவையா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"உனக்காக விரலு போனாலும் பரவால்ல, கிழவி."

பூட்ஸ் கையோடு வந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மனசு நெகிழ்ந்துவிட்டது போல, பாவம் என்று அவர் நினைத்தார். இனி நேரடியாகப் பின்வாங்க வழியே இல்லை.

அடுத்ததாக டாக்டரைப் பிடித்தார். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இங்க ஏதோ படபடங்குது. மலை ஏறவே கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் கேட்டுக்குவேன்," என்றார்.

டாக்டர் ஒசோரியோ பொறுமையாகப் பார்க்கிறவர், பெரியவர்களை 'தோன்' போட்டு மரியாதையாகக் கூப்பிடுகிறவர். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "காளை மாட்டுக்குக்கூட இப்படி இதயம் இருக்காது, தோன் அபெலார்தோ. தாராளமா ஏறுங்க," என்று முதுகில் தட்டினார். அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் ரொட்டிக் கடையில் கிரிசெல்தாவைப் பார்த்து அவளிடமும் சொல்லித் தொலைத்தார்.

அவள் முகம் வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தாள். "போகலாம்னு டாக்டரே சொல்லிட்டாராமே. நல்லாப் பாத்தாரா? வேற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாமா?"

தன் உயிர்மேல் அவளுக்கு இருக்கும் அக்கறையைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. "பயப்படாத. எனக்கு ஒண்ணும் ஆகாது," என்று தேற்றினார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசி ஆயுதமாகப் பயமுறுத்திப் பார்த்தார். வசந்த காலப் பனி மதியம் ஆனால் இளகிச் சரியும், போன வருஷம் ஒருத்தர் குளிரில் காதை இழந்தார் என்று சாப்பாட்டு வேளையெல்லாம் இதே பேச்சு. சூப்பைக் கிண்டிக்கொண்டே கிரிசெல்தா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு ஆபத்துன்னா நீ வராம இருக்கிறதுதான் நல்லது," என்றாள் ஒருநாள்.

அவருக்கு அது சவாலாகக் காதில் விழுந்தது. "நீ போற இடத்துக்கு நான் வராம இருப்பேனா? செத்தாலும் ஒண்ணாத்தான்."

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாய் திறந்தது. நீண்ட நேரம் மூடவில்லை.

மலைக்குப் போக ஒரு வாரம் இருக்கையில் வென்செஸ்லாவோ மலையேற வரும் எல்லோரையும் பயிற்சிக்கு, பனி மிச்சமிருந்த ஒரு சின்னக் குன்றுக்குக் கூட்டிப்போனான். பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள்ளைக் கட்டிவிட்டு, கையில் பனிக்கோடாரியையும் கொடுத்து, "காலை அகட்டி வைங்க. விழுந்தா கோடாரியைப் பனியில குத்திக்கிட்டு அப்படியே நில்லுங்க," என்றான். அபெலார்தோ இடது முள்ளால் வலது கால்சட்டையைக் குத்தினார். கோடாரி ஒரு பக்கம் போனது. அவர் உட்கார்ந்த வாக்கில் சரிவு முழுக்க வழுக்கி, கீழே மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோவேறு கழுதையின் கால்களுக்கு நடுவில் போய் நின்றார். கழுதை அவரை முகர்ந்து பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. கால்சட்டையின் பின்பக்கம் பனியோடு போய்விட்டிருந்தது. வென்செஸ்லாவோவின் போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் வீடு திரும்பினார்.

"இப்பவாவது விட்டுடறியா?" என்றாள் கிரிசெல்தா. குரல் கெஞ்சுவதுபோல இருந்தது.

விட்டுவிடுகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் கண்களில் நீர் நிற்பதைப் பார்த்தார். தன்னோடு உச்சியில் நிற்க எத்தனை ஆசைப்பட்டிருக்கிறாள். "இல்ல கிழவி. வந்தே தீருவேன்," என்றது வாய்.

அன்று முதல் இருவருமே சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பெலாதோவைப் பார்ப்பார். அவளும் அதையேதான் பார்த்தாள். இரண்டு பேருமே இளைத்துப்போனார்கள். உச்சியில் தன்னை எங்கே புதைப்பார்கள், அந்தப் பனியில் தோண்ட முடியுமா என்றெல்லாம் அபெலார்தோ யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள், மதியச் சாப்பாடு ஆனதும், வெளியே போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக வென்செஸ்லாவோ வீட்டுக்குப் போனார். அவன் அடுப்பருகே கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நாற்காலியைக் காட்டி, சூடாக மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அபெலார்தோ அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு உடைந்துபோனார்.

"என்னால முடியாது தம்பி. முக்காலிமேல நிக்கவே எனக்கு உடம்பு நடுங்கும். ஆனா நான் வரலைன்னா அவ மனசு நொறுங்கிப்போயிடும். என்கூட அந்த உச்சியில நிக்கணும்னு உசுரையே வச்சிருக்கா. நீயே ஏதாவது சொல்லி நிறுத்திடு. காத்து சரியில்ல, பனி சரியில்ல, எதையாவது சொல்லு. பழி உன்மேலயே இருக்கட்டும்."

வென்செஸ்லாவோ கயிற்றைக் கீழே வைத்தான். தாடியைச் சொறிந்தான். அவரைப் பார்க்கக் கூச்சப்பட்டவன்போல அடுப்பைப் பார்த்தான்.

"காத்தும் நல்லாத்தான் இருக்கு, பனியும் நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஆனா உங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல, தோன் அபெலார்தோ."

"எதுவானாலும் சொல்லு."

"நேத்து உங்க வீட்டம்மா இதே நாற்காலியில உக்காந்து அழுதுட்டுப் போனாங்க. 'ரெண்டே ரெண்டு நாள் தனியா இருக்கணும்னு, இந்த மனுஷன் செத்தாலும் வர மாட்டார்னு ஒரு மலையாத் தேடிப் பிடிச்சேன் தம்பி, அதுக்கும் பூட்ஸ் வாங்கிட்டு வந்து நிக்கிறார்'ன்னு."