துலுக்காணத்தின் துணி சோப்பு

நம்மிடையே தோல் ஜோசியர் என்றொரு இனம் உண்டு. கை ரேகையெல்லாம் இவருக்கு வேண்டாம். உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்து, நகத்தால் ஒரு கோடு கிழித்து, அது வெள்ளையாகத் தெரிந்ததும் உங்கள் பூர்வ சரித்திரத்தையே சொல்லிவிடுவார். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. விடுவாரா? மாட்டார். எனக்கும் இந்த வியாதி உண்டு என்பதால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரியில் வலை வீசும் துலுக்காணம் இந்த இனத்தில் முதல் வரிசை. மார்கழி பிறந்துவிட்டால் படகுக்காரன் கலியனுக்கு வாடைக்காற்று, டீக்கடை கோபாலுக்கு அடுப்பு அனல், லட்சுமியம்மாளுக்கு வயசு என்று தோல் வெடிப்புக்கு ஆளுக்கொரு காரணம் வழங்கிக்கொண்டே போவார்.

"எண்ணெயே காட்டாம உப்புத் தண்ணியில ஊறிக்கினு கீறே, தோலு இன்னா பண்ணும்? வெந்நீர ஊத்திக்காத. துணி சோப்ப கிட்டயே சேக்காத!"

சரி, அவருடைய சொந்தத் தோல்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். ஏரியில் மீன் குறைந்து, வீட்டில் உலை வைப்பதே பெரும்பாடாக இருந்த நேரம். அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். பெயர் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து துலுக்காணம் தினம் மூன்று வேளை கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொண்டு, துணி சோப்பைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்தேயென்று தேய்த்தார். மீன் கூடையோடு வந்த மனைவி கங்கம்மாளைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்றியே, உன் ஒடம்பு இன்னா கருங்கல்லா?"

"இது வாடக்காத்து. உனக்கு இன்னா தெரியும்?"

வேலைக்கான உடல் பரிசோதனை நாளன்று சட்டையைக் கழற்றினார். மேலெல்லாம் வெடித்து, பொடிப்பொடியாக உரிந்து கொட்டியது. கம்பெனி டாக்டர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒட்டற நோய் மாதிரி இருக்கேப்பா. எடுக்க முடியாது."

"நோயில்ல சார்! வாடக்காத்து. உப்புத் தண்ணி. தண்ணி கம்மியா குடிப்பேன். எங்க நைனாவுக்கும் இப்டிதான்."

"எப்படிக் குளிக்கறே?"

துலுக்காணத்துக்கு விடை தெரியும். ஊரில் இருபது பேரை எச்சரித்த காரணம்தான். ஆனால் சொன்னால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லாவிட்டால் வேலை போச்சு.

"வெந்நீரு சார். மூணு வாட்டி. துணி சோப்பு."

"எதுக்கு?"

"மீன் நாத்தம் அடிச்சா உள்ள உடமாட்டீங்கன்னு, சார்."

டாக்டர் நாற்காலியை மறுபடி முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "நான் காலையில மீன் குழம்பு சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். என்னை உள்ள விட்டாங்களேய்யா! சோப்பை விடு. எண்ணெய் தடவிட்டுப் பத்து நாள் கழிச்சு வா. ஆறியிருந்தா கையெழுத்துப் போடறேன்."

வீட்டுக்கு வந்ததும் கங்கம்மாள் கேட்டாள். "டாக்டரு இன்னா சொன்னாரு?"

"நான் ஒரு மடையன்னு கண்டுபுடிச்சிட்டாரு."

"இதுக்கு டாக்டர் வேற வேணுமா?" என்றபடி அவளே முதுகில் எண்ணெய் தடவினாள். மீன் வாசனை குப்பென்று அடித்தது. அன்று அவளைத் தள்ளி நிற்கச் சொன்ன துலுக்காணம் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பதினோராம் நாள் வேலையில் சேர்ந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த டாக்டர் எதிரே உங்களை உட்கார வைத்துக் கேட்டால், நீங்களும் முதலில் காற்றின் மேல்தான் பழியைப் போடுவீர்கள்.