வண்டியின் அழுகையைக் கேட்டவர்

வாகனச் செவியார் வருகிறார் என்றால் தெருவே கூடிவிடும். கார் பேசுவது அவர் காதில் விழுமாம்! டாக்டர் நெஞ்சில் வைக்கும் ஸ்டெதஸ்கோப்பை அவர் பானெட்டில் வைப்பார். கண்ணை மூடுவார். உதட்டைப் பிதுக்குவார். "அழுவுது" என்பார். அவ்வளவுதான், கார்க்காரருக்கும் அழுகை வந்துவிடும். பழைய காரை இணைய ஏலத்தில் விற்க நினைத்தவர்கள் எல்லாம் விளம்பரம் போடுவதற்கு முன்பு அவருக்காகத் தவம் கிடந்தார்கள். ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு எஞ்சினைக் காட்ட மட்டும் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

நம் கடிகாரக்காரரும் அந்த வரிசையில் நின்றார். இத்தனைக்கும் அவர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, எந்தப் பல்சக்கரத்தில் தூசி என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கிறவர். நின்றுபோன கடிகாரத்துக்கு மனக்கவலை என்று எந்த வாடிக்கையாளரிடமும் அவர் சொன்னதில்லை. கார் என்றதும் மட்டும் லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

மனிதரை ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை. வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு மூட்டு தேய்ந்து, இரண்டு மாதமாகப் படி இறங்கவில்லை. அப்பா விட்டுப்போன அறுபது வயதுக் கார் நல்ல விலைக்குப் போனால் பக்கத்துத் தெருவில் தரைத்தள வீடு கிடைக்கும். போகாவிட்டால் ஜன்னல்தான் அவளுக்கு உலகம். எங்கேயாவது தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் அவரைச் செவியாரிடம் துரத்தியது.

செவியாரின் விதிகள் ஊருக்கே மனப்பாடம். முதல் நாளே காரைக் கறுப்புத் துணியால் முழுக்கப் போர்த்திவிட வேண்டும். யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது. அவரும் துணிக்கு மேலேயே கேட்பார். அதன்பின் பரிகாரம்: குறைந்தபட்ச விலை வைக்கக் கூடாது, போர்த்தியபடி ஒரே ஒரு படம், ஏலம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு முடிய வேண்டும்.

"பதினொன்னு இருபதுக்கா? எல்லாரும் வேலையில இருக்கற நேரத்துல யாருங்க ஏலம் கேப்பா?" என்றாள் மனைவி.

"அதுதான் கார் அமைதியா இருக்கற நேரமாம்."

"நிறுத்தி வச்ச கார் எப்பவும் அமைதியாத்தானே இருக்கு?"

"உனக்கு எல்லாமே கிண்டல்தான்."

"சரி, பண்ணல. போர்த்தினப்புறம் தூக்கிப் பாத்தா என்ன ஆகுமாம்?"

"கண் பட்டுடுமாம்."

"அப்ப நீங்க பாத்துடாதீங்க. காலைல போய் அவரைக் கூட்டிட்டு வாங்க, போங்க" என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று சாயங்காலமே காரைப் போர்த்தி, கயிறு கட்டி, ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் செவியார் தன் டிரைவரோடு வந்து இறங்கினார். வாசலில் நல்ல கூட்டம். ரிட்டயர் ஆன தபால்காரர் முன்வரிசையில் நின்றார். போன மாதம் செவியார் பேச்சைக் கேட்டு, தன் காரைச் சைக்கிள் விலைக்கு விற்றவர். "விட்டதே நிம்மதி" என்று இன்னும் பெருமையடித்துக்கொள்கிறவர். கீழ்வீட்டுக் குழாய்க்காரர் கைகட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். மூன்றாம் மாடி ஜன்னலில் மனைவி.

செவியார் கறுப்புத் துணிமேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"அழுவுது... விக்கி விக்கி அழுவுது."

"ஐயோ" என்றார் கடிகாரக்காரர்.

"மழையில ஒரு விபத்து. முன்பக்க இடது சக்கரம். அந்த வலி இன்னும் போகல. எஞ்சின் இருமுது பாருங்க. உங்க அப்பாவைக் கேக்குது!"

கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்களும் துடைத்துக்கொண்டார்கள். அழுவதற்கு நமக்குக் காரணமா வேண்டும், ஒரு ஆரம்பம் போதாதா?

"ஐயா! நல்லா கேட்டுச் சொல்லுங்க. எஞ்சின்தான் இருமுதா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"முப்பது வருஷமா கேக்கற காதும்மா இது."

"அப்ப சரி. ஏங்க, துணியை எடுங்க."

"தொடாதீங்க! குடும்பத்துக்கே ஆகாது!" என்று கத்தினார் செவியார்.

கடிகாரக்காரர் கயிற்றில் கை வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மாதமாக வெயிலுக்குக்கூட ஜன்னல் வழியாகக் கைநீட்டுகிறவள் அங்கே நின்றாள். இதற்கு மேல் குடும்பத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது? கயிற்றை அவிழ்த்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

உள்ளே கார் இல்லை. முன்னால் கவிழ்த்த இரும்புக் குளியல் தொட்டி ஒன்று. பின்னால் இன்னொன்று. நடுவில் மல்லாந்து கிடந்தது குழாய்க்காரரின் பழைய அலமாரி.

"கார் என் கொட்டாய்ல பத்திரமா இருக்குண்ணே. நீங்க இவரைக் கூப்பிடப் போனதும் அண்ணி மாத்தச் சொன்னாங்க" என்றார் குழாய்க்காரர்.

"தொட்டிக்கு ஏது சார் இடது சக்கரம்?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு கிளம்பியது. காரின் ஆன்மா தொட்டிக்குள் புகுந்துகொண்டது என்று செவியார் சமாளித்துப் பார்த்தார். அவர் குரல் அவர் காதுக்கே கேட்கவில்லை.

மனைவி போனை உயர்த்திக் காட்டினாள். "பொழுது போகாம பழைய ஏலத்தையெல்லாம் படிச்சேன். கறுப்புத் துணி போட்ட கார் பதினாலு. பதினாலையும் வாங்கினது ஒரே ஆள். 'வெள்ளைப்புறா'னு பேரு. ரெண்டு வாரத்துல அதே காரைத் துணியில்லாம நாலு மடங்கு விலைக்கு விக்கறான். அப்ப அழுகை எங்க போச்சு?"

தபால்காரர் முகம் வெளுத்தது. "என் காரும் வெள்ளைப்புறாதான் வாங்குச்சு. தொப்பி போட்ட ஒருத்தன் வந்து எடுத்துட்டுப் போனான். அவன் நம்பர் இருக்கு, இருங்க" என்று போன் போட்டார்.

செவியாரின் டிரைவர் சட்டைப்பையில் மணி அடித்தது. கார் அழுவது கேட்ட காதுக்கு அந்த மணி மட்டும் கேட்கவில்லை போலிருக்கிறது, செவியார் நேரே பார்த்தபடி நின்றார். டிரைவர் வேறு யாருமில்லை, அவருடைய மச்சான்தான். கூட்டத்தில் ஒருவர் போலீசுக்குச் சொல்ல, இருவரையும் ஜீப் ஏற்றிக்கொண்டு போனது. ஜீப் அழுததா என்று யாரும் கேட்கவில்லை.

கடிகாரக்காரர் மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்க மனைவி முன் நின்றார்.

"நான் ஒரு முட்டாள்."

"முட்டாள் இல்ல. எனக்காகப் பயந்துட்டீங்க. அடுத்த தடவை பயம் வந்தா அந்த லென்ஸை எடுத்து மாட்டிக்குங்க."

மாட்டிக்கொண்டார். மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். துருப்பிடித்த இடம், கிழிந்த சீட்டு என்று ஒன்றையும் மறைக்காமல் நாற்பது படம் எடுத்துப் போட்டார். குறைந்தபட்ச விலை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊரே ஓய்வாகப் போனும் கையுமாக இருந்த நேரத்தில் ஏலம் முடிந்தது. கடைசிப் பத்து நிமிஷம் பதினேழு பேர் அடித்துக்கொண்டார்கள். வாங்கிய அம்மா காரில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தபோது அது இருமவும் இல்லை, அழவும் இல்லை.

தரைத்தள வீட்டுக்குக் குடிபோன அன்று மனைவி தானாகவே கதவைத் திறந்து, தெருவில் பத்தடி நடந்து, வெயிலில் நின்றாள். கடிகாரக்காரருக்கு இந்த முறை நிஜமாகவே அழுகை வந்தது.

செவியார் விட்டுப்போன ஸ்டெதஸ்கோப் இப்போதும் குழாய்க்காரர் வீட்டில்தான் தொங்குகிறது. இதற்குள் அடுத்த தெருவில் ஒருவர் பழைய பைக்குகளை மோந்து பார்த்தே குறி சொல்கிறாராம், அங்கேயும் வரிசை நிற்கிறதாம். வரிசையில் நிற்கும் பெரியோர்களே, வேண்டுமானால் அந்த ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக்கொண்டு போங்கள். வண்டியில் வைக்காதீர்கள். உங்கள் தலையில் வைத்து, உள்ளே ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.