மை பிடித்த திருடன்

குத்தம்பாக்கத்துச் சின்னசாமியின் வெற்றிலை மைக்கு அந்த வருஷம் ஏகக் கிராக்கி. காணாமல்போன மாடா, ஓடிப்போன மருமகளா, கிணற்றில் விழுந்த குடமா, வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமாம். கிணற்றில் விழுந்த குடம் கிணற்றில்தான் கிடக்கும் என்று சொல்லவும் ஒரு மை வேண்டியிருந்தது.

கூட்டத்தில் முன்வரிசை வெள்ளைக்காரச் சர்க்காரின் துப்பறியும் ஏட்டு உலகநாதனுக்கு. அடையாளம் தெரியாமலிருக்க மஃப்டியில் வருவார். ஊரே "ஏட்டையா வர்றாரு" என்று வழிவிடும். சந்தேகப்படும் ஆளின் பெயரை முதலில் மையிடம் சொல்வது முறை. ஏட்டையா சொன்ன பெயரை மை ஒருமுறைகூட மறுத்ததில்லை. தம் மூளையை எண்ணி அவருக்கே பெருமை தாங்காது.

பூந்தமல்லியில் ஹில்டா டீச்சரின் தையல் மிஷின் திருட்டுப் போனபோதும் அப்படித்தான். வண்டிக்காரத் துலுக்கானத்தின் பெயரைச் சொன்னார், மை ஆமோதித்தது. அவன் லாக்கப்பில் கிடந்தான், மறுநாள் கோர்ட்டு. மிஷின் எங்கே என்று கேட்க ஏட்டையா மறுபடி மைக்கு வந்தார். துலுக்கானத்தின் மனைவி எல்லம்மாவும் பின்னாலேயே வந்து, சின்னசாமியின் காதுக்கு எட்டாத தூரத்திலேயே வழிமறித்தாள்.

"ஏட்டையா, இந்த வாட்டி எங்க ஊட்டுக்காரர் பேரு வோணாம். உங்க பேரைச் சொல்லிப் பாருங்கோ."

ஏட்டையாவுக்குச் சிரிப்பு வந்தது. சத்திய மை அல்லவா, குற்றமற்றவரைக் காட்டிக்கொடுக்குமா? பதினெட்டு வருஷமாக எல்லோருக்கும் அவர் ஏட்டையாதான். சொந்தப் பெயர் சர்வீஸ் புத்தகத்தோடு சரி. மையருகே குனிந்து "உலகநாதன்" என்றார்.

சின்னசாமி கண்ணைச் சுருக்கினான். "அவனேதான். மிஷினைத் தலைமேல வச்சிகினு தோப்புப் பக்கமா போறான். மூஞ்சைப் பார்த்தாலே திருட்டு முழி. உடாதீங்க ஏட்டையா, புடிச்சி உள்ள போடுங்க."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஏட்டையாவுக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த மையை நம்பி இதுவரை தாம் உள்ளே தள்ளியவர்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், விரல் போதவில்லை.

"உலகநாதன் நான்தான்" என்றார்.

மை கெட்டுப்போயிருக்கும் என்று சின்னசாமி முனகினான். எல்லம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க உள்ள போறீங்களா, எங்க ஊட்டுக்காரரை வெளிய உடுறீங்களா?"

அன்று சாயங்காலமே துலுக்கானம் வெளியே வந்தான், சின்னசாமி உள்ளே போனான். துப்பறியும் ஏட்டு, திருட்டு நடந்த ஐந்தாம் நாள், முதல் தடவையாக டீச்சர் வீட்டுக்குப் போய் உடைந்த பூட்டைப் பார்த்தார்.

கூட்டமோ, வேலப்பன்சாவடியில் ஒருத்தர் கண்ணாடியில் பார்க்கிறாராமே என்று விசாரித்துக்கொண்டே கலைந்தது. தாராளமாகப் போகட்டும். அங்கே முதலில் அவரவர் பெயரையே சொல்லிப் பார்க்கட்டும். சொந்தக் கையில் விலங்கு ஏறினால்தான் சிலருக்கு மூளை வேலை செய்கிறது.