பலகைக்குத் தடவிய நெய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தப்பு என்மேல் இல்லை, பலகைமேல்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததே மிச்சம், நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் பௌதிகத்தில் நான் புலி. அங்கே எல்லாக் கணக்கும் 'உராய்வு இல்லை எனக் கொள்க' என்றுதான் ஆரம்பிக்கும். நாங்களும் அப்படியே கொண்டோம். வண்டி நிற்காமல் ஓடியது, விடை புத்தகத்தில் இருந்தபடியே வந்தது. அந்தத் தைரியத்தில் இண்டர்மீடியட் படிக்கச் சேலம் கிளம்பினேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"காலேசுல இருந்து ஒரு பிராது வந்துச்சுன்னா, அன்னைக்கே கவலை ஓட்ட வந்தரோணும், சாமி."

(கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. நாள் முழுக்க மாட்டோடு முன்னும் பின்னும் நடந்து பார்த்தவன் நான். அதற்குப் பயந்துதான் படித்தேன்.)

கல்லூரி லேபரட்டரியில் ஒரு மரப்பலகை. அதன்மேல் ஒரு கட்டை. கட்டையில் கட்டிய நூல் கப்பி வழியாகத் தொங்கியது, நுனியில் ஒரு தட்டு. "எடை போட்டு உராய்வைக் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் போனார். போட்டேன், நகரவில்லை. இன்னும் போட்டேன். கட்டை சண்டி மாடாக நின்றது. எங்கள் ஊரில் கப்பி கிறீச்சிட்டாலே எண்ணெய் விடாத குடியானவன் மானம் போய்விடும். ஹாஸ்டலுக்கு ஓடி, அம்மா கொடுத்தனுப்பிய நெய்யை ஒரு கை அள்ளி வந்து பலகை முழுக்கத் தேய்த்தேன்.

தட்டில் இருந்த எடையை எடுக்க மறந்துவிட்டேன். கட்டையை வைத்துக் கையை விட்ட நேரம் பார்த்துப் பேராசிரியர் அந்தப் பக்கம் வந்தார். முதலில் தட்டு அவர் காலில் விழுந்தது. பின்னாலேயே கட்டை பறந்து வந்து விழுந்தது. (இரண்டும் ஒரே காலில். அந்தத் துல்லியத்தை யாரும் பாராட்டவில்லை.)

"உராய்வு எங்கேடா?" என்றார், காலைப் பிடித்தபடி.

"இப்ப இல்லீங்க சார்."

"இல்லையென்று வைத்துக்கொள்வது பள்ளிக்கூடத்தோடு போயிற்று. இங்கே இருப்பதை அளக்க வேண்டும்!"

"அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே?"

அப்பாவைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார்.

அப்பா வந்தார். நொண்டிக்கொண்டே பேராசிரியர் எல்லாவற்றையும் சொன்னார். எனக்குக் கண்முன் மாடும் கிணறும்தான் தெரிந்தன. அப்பா பலகையை விரலால் தடவி, மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, கட்டை நல்லா ஓடுச்சுங்களா?"

"ஓடியது."

"அப்பறம் பையன்மேல கொறை என்னங்க?" என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, பலகைக்குப் போயி நல்ல நெய்யா? வெளக்கெண்ண பத்தாதா?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். நெய்ப் பலகையிலும் வேறொரு வெறும் பலகையிலும் உராய்வை அளந்து காட்டினால் தொடர்ந்து படிக்கலாம் என்றார். அளந்தேன். நெய்தான் ஜெயித்தது, அதாவது நான்.

இன்றும் எங்கள் வீட்டுப் பந்தியில் நெய்க் கிண்ணம் வந்தால், "எல்லாரும் காலை இழுத்துக்குங்க!" என்று யாராவது ஒருவர் கத்துவார். பெரியவர் சின்னவர் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே இழுத்துக்கொள்வார்கள். நான் மட்டும் வேண்டுமென்றே நன்றாக நீட்டி உட்காருவேன்.