முப்பத்தெட்டு மகரந்தத்தாள்

அரைகுறைப் படிப்பு ஆளைச் சும்மா இருக்க விடாது. முழுசாகப் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். படிக்காதவன் வேலையைப் பார்ப்பான். நடுவில் நிற்கிறவன்தான் ஊரைக் கெடுப்பான். நான் கெடுத்தது ஒரு பட்டாசுக் கம்பெனியின் அரை நாள் வேலையை. அதுவும் திரி எதையும் தொடாமல், ஒரு பூவை எண்ணியே கெடுத்தேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். தாவரவியல் மூன்றாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். பூவின் அமைப்பைப் பார்த்தே அது எந்தக் குடும்பத்துச் செடி என்று சொல்லும் வித்தை கைவந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. மகரந்தத்தாள் எல்லாம் ஒரே குழாயாக ஒட்டியிருந்தால் துத்தி, பருத்தி, செம்பருத்தி வகையறா. உதடு மாதிரி பிளந்திருந்தால் தும்பை, துளசி. ஏறக்குறைய இவ்வளவுதான் தெரியும். இதை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலம்பல் கொஞ்சநஞ்சமல்ல. சித்தப்பா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை கழுத்து மாலையிலிருந்தே ஒரு சம்பங்கியை உருவி, பிளந்து, ஆறு இதழையும் சபைக்கு எண்ணிக் காட்டினேன். (மாப்பிள்ளை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நஷ்டம் அவருக்கு.)

கடைசி வருஷத்தில் ஐம்பது செடிகளைப் பூவோடு உலர்த்தி, தாளில் ஒட்டி, குடும்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுத்தி உலர்த்தக் காகிதத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. சிவகாசி அச்சகத்தில் கழித்துப் போட்ட லேபிள்கள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். என் ஆவாரம்பூ, லட்சுமி வெடிக்கும் குருவி வெடிக்கும் நடுவில் படுத்து மோட்சம் அடைந்தது. நாற்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. ஐம்பதாவதாக ஆதொண்டை வேண்டும். கொக்கி முள் வைத்த கொடிப்புதர். வெளியில் எங்கே தேடினாலும் துளிர் விட்டவுடன் ஆடு கடித்துவிடுகிறது. ஐம்பது இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் காலை வைக்காதே என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் புலம்பினேன். அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்த வேலையில்தான் என் ஹாஸ்டலும் ஓடியது.

"எங்க கம்பெனி பின்வேலில ஒரு முள்ளுக்கொடி கெடக்குலே. வெள்ளப் பூவு, பூன மீச மாதிரி நீட்டி நீட்டி இருக்கும். அதுவா பாரு."

"அது பூனை மீசை இல்லம்மா, மகரந்தத்தாள். உனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியாட்டிப் போகுது. வாரதா இருந்தா சொல்லிட்டு வா. அங்கன வந்து சும்மா நிக்காத."

நான் சொல்லாமல்தான் போனேன். படித்தவன் எதற்குச் சொல்லிக்கொண்டு போக வேண்டும்?

அது தேர்தல் வருஷம். ஜெயிக்கப் போகிறவர்களும் தோற்கப் போகிறவர்களும் ஒரே அளவு சரவெடிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். ஓர் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். அதைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். எழுத்துக்குக் கீழே ஒன்பது பேர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மிச்சப் பேருக்கு வேப்பமரத்தடி. ஆபீசர் வந்தால் கூடுதல் ஆட்கள் பின்வேலி ஓட்டை வழியாக வறண்ட கண்மாய்க்குள் இறங்கிவிட வேண்டும். இது எழுதாத சட்டம் என்பதால் எல்லாரும் கடைப்பிடித்தார்கள்.

அந்த ஓட்டையிலிருந்து இருபது அடி தள்ளி நான் நின்றேன். இன் பண்ணிய வெள்ளைச் சட்டை, இரவல் ஷூ, கழுத்தில் லென்ஸ், கையில் பைல். (இன் பண்ணியது, பஸ்ஸில் வகுப்புத் தோழி ஒருத்தி பார்ப்பாள் என்று. அவள் அன்று வரவில்லை.)

ஓட்டை வரைக்கும் படர்ந்து வேலிமேல் ஆதொண்டை பூத்துக் குலுங்கியது. நாலு இதழ். நடுவில் நீளக் காம்பு ஒன்று சூலகத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. குடும்பம் சொல்ல இதுவே போதும். நான் அத்தோடு பறித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மகரந்தத்தாள் எத்தனை என்றும் எழுதினால் பேராசிரியர் அசந்துபோவார் என்று தோன்றியது. பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி வாய்விட்டு எண்ணினேன். பதினேழில் காற்று அடித்தது. மறுபடி ஒன்றிலிருந்து. இருபத்தாறில் எறும்பு ஏறியது. மறுபடி ஒன்றிலிருந்து. எரிச்சலில் குரல் ஏறிக்கொண்டே போனது. "முப்பத்தாறு... முப்பத்தேழு... முப்பத்தெட்டு!"

வேலிக்கு உள்ளே யாரோ என்னவோ கத்தினார்கள். என் புத்தி பூவுக்குள் இருந்ததால் காதில் ஏறவில்லை. நிமிர்ந்தபோது கூடுதல் ஆள், கணக்கு ஆள் என்று பாராமல் பெண்கள் எல்லாரும் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கி வந்து கண்மாயை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தால் எங்கள் ஊரில் யாரும் நின்று காரணம் கேட்பதில்லை. முதலில் ஓட வேண்டும். காரணத்தைச் சாத்தூரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். உள்ளே தீப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மா உள்ளே இருக்கிறாளே என்று நெஞ்சை அடைத்தது. (அடைத்த நெஞ்சோடு நான் ஓடியது கம்பெனிக்குள் அல்ல, கண்மாய்ப் பக்கம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.)

பெண்கள் முன்னால், நான் பின்னால். அவர்கள் திரும்பிப் பார்த்தால் ஆபீசர் துரத்துகிறார். நான் பார்த்தால் அவர்கள் இன்னும் வேகமாக ஓடுகிறார்கள். அப்படியென்றால் தீ பெரிசு.

"ஓடுங்கக்கா! நிக்காதீக! ஓடுங்க!" என்று கத்தினேன். ஓடச் சொல்லித் துரத்திய ஆபீசர் எங்கள் மாவட்டத்தில் நான் ஒருவன்தான்.

கண்மாய்க் கரை ஏற முடியாமல் ஒரு பெண் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தலையில் துண்டு, முழங்கைவரை வெள்ளியாய் மினுங்கும் பட்டாசு மருந்து.

"இனி முடியல சார். புடிச்சுக்கிடுங்க" என்று திரும்பினாள். அம்மா.

"ஏலே... நீயா?"

"அம்மா! எங்கம்மா தீப்பிடிச்சிருக்கு?"

"தீயா? ஆபீசரு ஆள் எண்ணுதாருன்னுல்ல இம்புட்டுப் பேரும் ஓடுதோம்! எடுபட்ட பயலே!"

அவள் கை ஓங்கும்போதே பின்னால் போர்மேன் சுப்பையா இளநீரும் கையுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஹாஸ்டல்காரனான என்னை அவர் பார்த்ததில்லை. தேர்தல் ஆர்டரை நிறுத்தியது பேச்சியம்மா மகன் என்று தெரிந்தால் நாளைக்கு அம்மாவுக்குக் கேட் திறக்காது. அம்மாவுக்கு அது ஒரு நொடியில் விளங்கியது. ஓங்கிய கை அப்படியே கும்பிட்டது.

"மன்னிச்சிருங்க சார். பயந்துபோய் ஓடிட்டோம்."

பெற்றவள் என்னைக் கும்பிட்டு சார் என்கிறாள். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது.

"எத்தன சார் எழுதியிருக்கீக?" என்றார் போர்மேன், பைலைப் பார்த்தபடி.

எனக்கு வேறு பதில் தெரியாது. "முப்பத்தெட்டு."

இளநீர் தளும்பியது. "கரெக்ட்டு சார். நாப்பது பேரு, ரெண்டு பேரு லீவு. வேலிக்கு வெளிய நின்னே எப்படி சார்..."

"லென்ஸ் இருக்கு" என்றேன்.

"இருபதுன்னு போட்டுக்கிடுங்க சார். புண்ணியமாப் போகும்."

அந்த நேரத்திலும் எனக்குள் இருந்த அறிவாளி சாகவில்லை. "முடியாது. எண்ணினதை மாத்தி எழுதுற பழக்கம் என்கிட்ட கிடையாது." அம்மா என் ஷூவை நசுக்கி மிதித்தாள்.

"சாரு கண்டிப்பான ஆளுண்ணே. வெயில்ல மயங்கி விழுந்துட்டா நமக்குத்தான் கேசு. நான் பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு வாரேன்" என்று என் பைலைப் பிடுங்கிக்கொண்டாள்.

ரோடு வரைக்கும் நான் முன்னால் நடக்க, அம்மா மூன்றடி பின்னால் பைலைச் சுமந்து வந்தாள். போர்மேன் கண்ணிலிருந்து மறைந்ததும் முதுகில் ஒன்று விழுந்தது. திரும்பியபோதுதான் அவள் கால்களைப் பார்த்தேன். கம்பெனிக்குள் செருப்புப் போடக் கூடாது. வெறுங்காலோடு அத்தனை முள்ளிலும் ஓடி வந்திருக்கிறாள். இரண்டு பாதத்திலும் ரத்தம். எனக்கு அழுகை வந்தது. மற்ற முப்பத்தேழு பேரும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு இதே காலோடுதான் எங்கோ உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோது படிப்பே கசந்தது.

"அழுதது போதும். பூவப் பறிச்சியா?"

"ஓடும்போது எங்கயோ விழுந்திருச்சும்மா."

அம்மா குனிந்து சேலைத் தலைப்பைப் பார்த்தாள். ஓட்டையில் நுழையும்போது மாட்டியிருக்க வேண்டும். கொக்கி முள்ளோடு ஒரு சிறு கிளை, அதில் கசங்காமல் இரண்டு பூ.

"இந்தா. பூன மீச."

ஐம்பதாவது தாளில் ஒட்டினேன். கீழே 'சேகரித்தவர்' என்ற இடத்தில் கூச்சமே இல்லாமல் என் பெயரை எழுதினேன். மகரந்தத்தாள் எண்ணிக்கையைப் பேராசிரியர் படிக்கவே இல்லை.

சில வருஷம் கழித்துச் சாத்தூரில் எனக்குக் கல்யாணம். மண்டப வாசலில் கம்பெனி வேன்கள் வந்து நின்றன. போர்மேன் சுப்பையா மேடையேறி என் முன்னால் கைகட்டி நின்றார்.

"சார், அன்னைக்கு ஓடுன முப்பத்தெட்டு பேரும் வந்திருக்கோம். எண்ணிக்கிடுங்க."

"அன்னைக்கே தெரியுமாண்ணே?"

"பேச்சியம்மா பைலப் புடுங்கும்போதுதான் பாத்தேன். அவ மூக்கும் உங்க மூக்கும் ஒரே அச்சு. அதுக்கு லென்ஸ் எதுக்கு?"

"பெறவு ஏன் சொல்லல?"

"நல்லாருக்கே! காலேசுப் பய பூ எண்ணுனதுக்குக் கம்பெனிய மூடிப்போட்டேன்னு மொதலாளிகிட்ட நானுல்ல சொல்லணும்?"

இப்போது காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். அங்கே எல்லாரும் என்னை சார் என்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. அம்மா சொன்னால் மட்டும் உள்ளங்கால் கூசுகிறது. வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால், பந்திக்கு எத்தனை இலை என்று எண்ணும் வேலை என்னைத் தவிர எல்லாருக்கும் கிடைக்கும். நான் விரலை நீட்டினால் போதும், அடுக்களையிலிருந்து அம்மா குரல் வரும்:

"சார், நீங்க எண்ண வேண்டாம். சாப்பிட உக்காந்த ஆளுக எந்திரிச்சு ஓடிருவாக."