வெர்லினுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட கதை

அயோவாவை விட்டுக் கிளம்பிய காலையில் வெர்லின் ஸ்டாட்ஹைம் ஒரு தீர்மானம் எடுத்தார். இந்தக் கோடை முடியும் வரை யாரைப் பார்த்தும் வயிறு எரியக் கூடாது.

எதற்கு எரிய வேண்டும்? தபால் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாயிற்று. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற முப்பத்திரண்டு அடி ஆர்.வி. வண்டி சொந்தமாக இருக்கிறது. பக்கத்து இருக்கையில் நாற்பத்தொரு வருஷத்து மனைவி ஆர்லிஸ். அவள் மடியில் ஒரு பட்டியல்: போகிற வழியில் பார்க்க வேண்டிய சிநேகிதர்கள், ஏழு பேர். ஒவ்வொருவர் வாசலிலும் வண்டியை நிறுத்தி, அவர்கள் வீட்டு மின்சாரத்தைக் கம்பி போட்டு இழுத்துக்கொண்டு, நாலு நாள் சாப்பிட்டுச் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியது. பொறாமைக்கு இதில் இடமே இல்லை.

தீர்மானம் நெப்ராஸ்கா வரை தாங்கியது.

அங்கே முதல் சிநேகிதர் வாசலில் நின்ற வண்டி நாற்பது அடி. உள்ளே பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தது. வெர்லின் அதைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்து பார்த்தார். "நாளைக்குக் காத்து பலமா அடிக்கும் போலிருக்கு. காலையிலேயே கிளம்பிடலாம்" என்றார். இரண்டாவது வீட்டில் தக்காளி ஒவ்வொன்றும் குழந்தையின் தலை அளவு. அங்கே டயரில் காற்று சரியில்லாமல் போயிற்று. மூன்றாவது வீட்டுக்காரருக்கு எழுபது வயதில் தலைமுடி மொத்தமும் அப்படியே இருந்தது. அதற்கு என்ன காரணம் சொல்லிக் கிளம்பினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. இப்படியாக ஆறு வீடுகள். ஆறிலும் ஒரே ஒரு ராத்திரி.

ஒவ்வொரு தடவையும் ஆர்லிஸ் ஒன்றும் பேசாமல் மடக்கு நாற்காலிகளை மடக்கினாள். அவள் நம்பிவிட்டாள் என்று வெர்லின் நினைத்துக்கொண்டார். பேசாமல் இருக்கிற மனைவியைப் பற்றி நாற்பத்தொரு வருஷத்தில் அவர் கற்றது அவ்வளவுதான்.

ஏழாவது பெயர் லோவெல் டெஷ்னர்.

வயோமிங்கில் ஷெரிடனுக்கு வெளியே பண்ணை வீடு. ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர். மனைவி இறந்து மூன்று வருஷமாகிறது. இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஆர்லிஸ் இருபது வயதில் இருந்தபோது, இரண்டு குளிர்காலம், சனிக்கிழமைதோறும் ஊர் மண்டபத்தில் அவளோடு நடனம் ஆடியவன் இந்த லோவெல். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டும் இருக்கிறான். அவள் மாட்டேன் என்றாள். அவன் மாட்டு வைத்தியம் படிக்கக் கொலராடோ போனான். அதன் பிறகுதான் வெர்லின்.

அந்த 'அதன் பிறகு'தான் அவரை அரித்தது. அவள் தேர்ந்தெடுத்தது என்னையா, அல்லது நல்லவன் வெளியூர் போனதால் உள்ளூரில் மிச்சமிருந்தவனையா? இதை அவர் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் லோவெல் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம் வருஷா வருஷம் வரும். வருஷா வருஷம் வெர்லின் குதிரையைப் பாராட்டுவார்.

பஃபலோ ஊரில், ஆர்.வி.க்காரர்கள் தங்கும் முகாமில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். லோவெல் வீடு நாற்பது மைல் தூரம்.

"அவன் வீட்ல ஒரு ராத்திரி போதும்" என்றார் வெர்லின்.

"பட்டியல்ல நாலுன்னு எழுதியிருக்கேன்."

"ஆகஸ்ட்ல அந்தப் பக்கம் ஆலங்கட்டி மழை பெய்யும்."

"ஆகஸ்ட் வர இன்னும் பன்னண்டு நாள் இருக்கு."

"முன்னாடியே வந்துட்டா?"

மறுநாள் காலை கண் விழித்தபோது ஆர்லிஸ் சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து, தன் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வண்டிக்குள் இஸ்திரிப் பெட்டி என்று ஒன்று இருப்பதே வெர்லினுக்கு அன்றுதான் தெரிந்தது. யாருக்காக இஸ்திரி? ஒரு ராத்திரி கூட அதிகம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார். வண்டியை ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் ஓட்டாவிட்டால் வண்டி நகராது. குனிந்தார்.

"ஐயோ" என்றார்.

"என்ன ஆச்சு?"

"ஷூ லேஸ் கட்டலாம்னு குனிஞ்சேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

ஆர்லிஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வந்து பார்த்தாள். மேலிருந்து கீழாக, நிதானமாக.

"வலது பக்கமா, இடது பக்கமா?"

"நடுவுல."

"அப்ப வண்டி ஓட்ட முடியாது."

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு."

"முகத்துல தெரியுது. போய்ப் படு."

"லோவெல்கிட்ட சொல்லிடு. அடுத்த வருஷம் பாக்கலாம்னு."

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெர்லின் பின்பக்கக் கட்டிலில் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டார். அவள் மெதுவாகப் பேசினாள். சிரித்தாள். மறுபடியும் பேசினாள், மறுபடியும் சிரித்தாள். ஒருத்தன் இடுப்பு பிடித்துக் கிடப்பதில் சிரிக்க அப்படி என்ன இருக்கிறது?

"சொல்லிட்டேன்" என்று உள்ளே வந்தாள்.

"ரொம்ப வருத்தப்பட்டானா?"

"இல்ல. கிளம்பிட்டான்."

"எங்க?"

"இங்கதான். பக்கத்துப் பண்ணைக்காரர் கொண்டுவந்து விடறாராம். நம்ம வண்டியை அவனே ஓட்டிட்டுப் போறேன்னான். நீ படுத்துட்டே வரலாம்."

வெர்லினுக்கு அப்போது நிஜமாகவே எங்கோ வலித்தது. இடுப்பில் அல்ல.

லோவெல் பத்து மணிக்கு வந்தான். ஆறடி உயரம், அகலமான தொப்பி, அதற்குக் கீழே தலைமுடியும் இருந்தது. "ஆர்லி" என்று கூப்பிட்டான். நாற்பத்தொரு வருஷத்தில் அந்தப் பெயரின் கடைசி எழுத்தை வெட்டிவிட்டுக் கூப்பிடலாம் என்று வெர்லினுக்குத் தோன்றியதே இல்லை. அவள் நீலச் சட்டையில் நின்று சிரித்தாள்.

பிறகு லோவெல் கட்டிலருகே வந்து வெர்லினின் முதுகில் கை வைத்தான். அந்தக் கை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது.

"மாடு இந்த மாதிரி படுத்துக்கிச்சுன்னா எழுப்ப ஒரு வழி இருக்கு" என்றான்.

"என்ன வழி?"

"மனுஷனுக்குச் செய்யக் கூடாது."

கிளம்புவதற்கான வேலைகள் நடந்தன. வழக்கமாக இதற்கு வெர்லினிடம் ஒரு காகிதம் உண்டு. பிளாஸ்டிக் உறை போட்டது, இருபத்திரண்டு வரி. ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசிப்பார். ஆர்லிஸ் "ஆச்சு, ஆச்சு" என்பாள். இன்று யாரும் எதையும் வாசிக்கவில்லை. இடம் பெருக வெளியே நீட்டியிருந்த பக்கச் சுவர் உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. படி மடங்கும் சத்தம் கேட்டது. முன்னால் லோவெல் தன் இருக்கையை, இல்லை, வெர்லினின் இருக்கையை, கால் நீட்டப் பின்னுக்குத் தள்ளினான். "நான் வெளியே ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு வரேன்" என்று ஆர்லிஸ் இறங்கினாள்.

வெர்லின் சும்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

கழிவுக் குழாய் போட்டபடியே கிடந்தது.

வண்டியின் வயிற்றிலிருந்து தரையிலுள்ள துளைக்குப் போகிற அந்தப் பழுப்புக் குழாயைக் கழற்றாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்று ஆர்.வி.க்காரர்களிடம் கேட்கவே வேண்டாம். முகம் வெளுத்துவிடும். அப்படி ஒருத்தன் செய்துவிட்டால் அடுத்த கோடை வரை அந்த முகாமில் வேறு பேச்சே இருக்காது.

முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிளம்பட்டும். குதிரைமேல் உட்காருகிறவனின் யோக்கியதை ஊருக்குத் தெரியட்டும். ஆர்லிஸும் பார்க்கட்டும். பிறகு யோசித்தார். அவமானம் லோவெலுடையது. சரி. குழாய் யாருடையது? அதற்குள் இருப்பது யாருடையது?

எஞ்சின் உறுமியது.

அதன் பிறகு நடந்ததை வெர்லின் யோசித்துச் செய்யவில்லை. கட்டிலருகே அவசர ஜன்னலின் சிவப்புப் பிடியை இழுத்தார். கால்களை வெளியே விட்டார். ஐந்தடி உயரத்திலிருந்து காலுறையோடு சரளைக்கல்லில் குதித்தார். குனிந்து ஓடி வண்டியின் அடியில் தலையை நுழைத்தார்.

குழாய் எதிலும் மாட்டியிருக்கவில்லை. எப்போதோ கழற்றி, கழுவி, மூடி போட்டு, மாட்டியது மாதிரி தெரியும்படி சக்கரத்துக்குப் பக்கத்தில் வளைத்துப் போட்டிருந்தது.

சற்றுத் தள்ளி இரண்டு ரப்பர் கையுறைகள் தெரிந்தன. அவற்றுக்குள் ஆர்லிஸின் கைகள்.

"குதிச்சியா?"

"இறங்கினேன்."

"சாக்ஸோட."

வெர்லின் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "எப்பத் தெரியும்?"

"ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சேன்னு சொன்னப்போ. உன் ஷூவுக்கு லேஸே கிடையாது, வெர்லின். ரெண்டு வருஷமா ஒட்டுப் பட்டைதான்."

பக்கத்து இடத்தில் ஒரு கிழவர் காப்பிக் கோப்பையோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்லின் குரலைத் தாழ்த்தினார்.

"லோவெல்கிட்ட சொல்லாத."

"ஏன்?"

"அவன்கிட்ட மட்டும் வேண்டாம். வேற யார்கிட்ட வேணாலும் சொல்லு. பேப்பர்ல போடு."

ஆர்லிஸ் கையுறையைக் கழற்றினாள். "ஆறு வீட்ல ஒரே ராத்திரியில கிளம்பினோம். ஒவ்வொரு வீட்லயும் எனக்கு மூணு நாள் பாக்கி."

"பதினெட்டு நாளா?"

"பத்து போதும். அவன் வீட்ல."

"பத்து நாள் அங்க என்ன இருக்கு உனக்கு?"

"குளிக்கற தொட்டி."

"என்னது?"

"கிளம்பினதிலேருந்து, வண்டியில தண்ணி தீந்துடும்னு, குழாயை நிறுத்திட்டு சோப்புப் போட்டு, திறந்து ரெண்டு நிமிஷத்துல கழுவிட்டு வெளியே வரேன். அவன்கிட்ட ஆள் நீளத்துக்கு ஒரு தொட்டி இருக்காம். எதிர்ல மலை தெரியுமாம். பத்து நாள் அதுல ஊறப்போறேன்."

"தொட்டிக்குப் போறதுக்கா சட்டையை இஸ்திரி போட்டே?"

"ஆறு வீட்டுக்கும்தான் போட்டேன். நீ அவங்க வண்டியையே பாத்துட்டு இருந்தே."

காலுறைக்குள் சரளைக்கல் குத்தியது. கேட்கக் கூடாது என்று நாற்பத்தொரு வருஷம் வைத்திருந்த கேள்வி, காலுறையோடு நின்ற அந்த நிலையில் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"அன்னிக்கு அவன் கேட்டப்போ ஏன் மாட்டேன்னே?"

ஆர்லிஸ் கையுறைகளை ஒன்றாகச் சுருட்டினாள். "நான் வேற யார்கூட ஆடினாலும் அவன் உக்காந்து கைதட்டிட்டு இருப்பான். நல்ல மனுஷன். நீ தபால் பையைத் தோள்ல மாட்டிட்டு வாசல்ல நின்னு முறைச்சுட்டு இருந்தே. ரெண்டு குளிர்காலமும்."

"அது பிடிச்சிருந்ததா?"

"அப்போ பிடிச்சிருந்தது. இப்போ ஆறு வீட்டுக்கு மேல தாங்கல. பத்து நாள். சரியா?"

"சரி."

"அப்ப உள்ள போய்ப் படு. முன்கதவு வழியா வந்தா அவன் பாத்துடுவான். வந்த வழியாவே போ."

அவர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினார். அவள் கீழிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினாள். காப்பிக் கிழவர் ஒரு கை கொடுக்கலாமா என்று கேட்டார்.

நாற்பது மைலும் வெர்லின் சாமான் மாதிரி பின்னால் கிடந்தார். முன்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் மனசு என்னவோ லேசாக இருந்தது. வாசலில் நின்று முறைத்தவனை அவள் பார்த்திருக்கிறாள். போதும்.

ஆனால் பத்து நாளைக்கு அந்த ஆறுதல் போதவில்லை. லோவெல் நன்றாகச் சமைத்தான். பீச் பழத்தில் அவன் செய்த இனிப்பு வாயில் கரைந்தது. வெர்லின் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு "கொஞ்சம் இனிப்பு தூக்கல்" என்றார். மேல் மாடியில் தண்ணீர் சத்தமும் ஆர்லிஸ் பாடுகிற சத்தமும் மணிக்கணக்கில் கேட்டன. இருவருக்கும் நடுவே ஏதாவது பார்வை போகிறதா என்று சாப்பாட்டு மேஜையில் தினமும் காவல் காத்தார். ஒன்றும் போகவில்லை. உப்புதான் போயிற்று. அதற்கும் அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

காலையில் வைத்தியம். குதிரைகளுக்கென்று வைத்திருந்த தைலத்தை லோவெல் அந்தத் தட்டுக் கைகளில் ஊற்றி அவர் இடுப்பில் அழுத்துவான். இல்லாத வலிக்கு முனகுவதில் வெர்லின் முதல் நாள் கவனமாக இருந்தார். இரண்டாம் நாளிலிருந்து கவனம் தேவைப்படவில்லை. எலும்பு எலும்பாக வலித்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். மானம் காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. இந்த ஒரு மனிதனுக்கு எதிரில் மட்டும் அவர் பொய்யன் ஆகவில்லை, வெறும் நோயாளிதான்.

பத்தாம் நாள் காலை, கிளம்ப வேண்டிய நேரம். வெர்லின் எழுந்து, வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனசோடு சொன்னார்:

"சரியாயிடுச்சு, லோவெல். எல்லாம் உன் கைராசி."

லோவெல் துண்டில் தைலத்தைத் துடைத்தான். "வலி இருந்தாத்தானே சரியாக. ஆர்லி முதல் நாள் ஃபோன்லயே சொல்லிட்டா."

வெர்லின் இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"அப்புறம் எதுக்கு பத்து நாள் அழுத்தினே?"

"அவதான் சொன்னா" என்றான் லோவெல். "கொஞ்சம் பலமாவே அழுத்தச் சொன்னா."