குக்கர் கம்பெனியின் ரகசியத் தளம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான்; சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள், எங்கள் குக்கர் கம்பெனி தன் ஊழியர்கள் பேசிக்கொள்ள ஒரு 'பாதுகாப்பான தகவல் தளம்' தேர்ந்தெடுத்த வரலாற்றை அறியாதவர்கள். அந்தத் தேர்வுக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். பிஸ்கட் விநியோகம் என் பொறுப்பு.

வரலாறு ஒரு சத்தத்தோடு தொடங்கியது. பரிசோதனை அறையில் புது குக்கர் ஒன்றின் பாதுகாப்பு வால்வு திறக்காமல், மூடி பறந்து கூரையில் மோதியது. அங்கே வேலை பார்ப்பவரை நாங்கள் எல்லோரும் 'டெஸ்ட் அக்கா' என்போம். அவர் இன்னும் நாலைந்தை அடுப்பில் ஏற்றிப் பார்த்தார். எதிலும் வால்வு அசையவில்லை. உடனே அலுவலக வாட்ஸ்அப் குழுவில், "புது வால்வு சரியில்லை. விற்பனையை நிறுத்துங்கள்" என்று எழுதிவிட்டார். அதை யாரோ வெளியே அனுப்பிவைக்க, ஒரு கடைக்காரர் போன் போட்டு முதலாளியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

முதலாளி அவசரக் கூட்டம் கூட்டினார். முகம் பேயறைந்தது போலிருந்தது.

"இது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா?"

"ஆமா சார், யாருக்காவது கண்ணே போயிடும்," என்றார் டெஸ்ட் அக்கா.

"நான் அதைச் சொல்லலம்மா. ஆபீஸ் விஷயம் வெளிய போயிருக்கு!"

"அப்ப வால்வு?"

"ஒவ்வொண்ணா பாப்போம். முதல்ல பெரிய பிரச்சினை."

குழு அமைந்தது. தலைவர் முதலாளியின் மைத்துனர். கம்பெனியின் கணினித் துறை முழுவதும் அவர் ஒருவரே. பிரிண்டர் ஓடாதபோது அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டவர் என்ற புகழ் அவருக்கு உண்டு.

முதலில் வந்த தளத்துக்கு, கடினமான கடவுச்சொல் கேட்கும் வழக்கம் இருந்தது. முதலாளி கடினமாகவே ஒன்றை வைத்தார்; டீ குடித்துவிட்டு வந்தபோது மறந்திருந்தார். முதலாளியிடமிருந்தே முதலாளியைப் பாதுகாக்கும் தளம் நமக்கு வேண்டாம் என்று குழு முடிவு செய்தது.

இரண்டாவது தளத்தின் விற்பனைக்காரர் விவரமானவர்.

"எல்லாமே பூட்டுக்குள்ள இருக்கும் சார். ஆனா எதுவும் அழியாது. நாளைக்கு ஒரு விசாரணைன்னு வந்தா, யார் எப்ப என்ன சொன்னாங்கன்னு அப்படியே எடுத்துக் காட்டலாம்."

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. 'கடுமையான பாதுகாப்புக் குறைபாடு' என்று குறித்துக்கொண்டு அவரை வழியனுப்பினோம்.

மூன்றாவது தளம், செய்தியைப் படித்த கணமே அழித்துவிடும். அனுப்பியவரிடமும் மிஞ்சாது.

"யாரு வந்து கேட்டாலும்?" என்றார் முதலாளி.

"யாரு வந்து கேட்டாலும் சார்."

முதலாளி எழுந்து அந்த விற்பனைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சம்பந்தி கையைக்கூட அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

தளம் அமோகமாக நடந்தது. ரகசியச் செய்தி வந்ததும் முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து, "எல்லாரும் படிச்சாச்சா?" என்று கூவுவார். கணக்காளருக்குச் சின்ன எழுத்து தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் வாசித்துக் காட்டுவார். கணக்காளருக்குக் காதும் கொஞ்சம் மந்தம் என்பதால் உரக்கவே வாசிப்பார். இவ்வாறு எந்த ரகசியமும் எங்கள் மாடியைத் தாண்டி, எதிர்ப்புற டீக்கடைக்கு மேல் போகாமல் காப்பாற்றப்பட்டது.

டெஸ்ட் அக்கா தளத்திலும் அந்த வால்வு விஷயத்தையே எழுதினார். எல்லோரும் படித்தோம். அது மறைந்தது. அவர் நேரே முதலாளி அறைக்குப் போனார்.

"அனுப்பினேனே சார், பாத்தீங்களா?"

முதலாளி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். திரை துடைத்துவிட்டது போலிருந்தது.

"எங்கம்மா? ஒண்ணும் வரலையே!"

அக்கா மறுபடி எழுதினார். தினமும் எழுதினார். தளம் ஒருமுறைகூடத் தவறவில்லை. அவர் எழுத எழுத, கீழே குக்கர் பெட்டிகள் எங்கள் விற்பனைக் கூடத்தில் அடுக்கப்பட்டன. வாசலில் 'மாபெரும் தள்ளுபடி' என்று பலகை வைத்தார்கள்.

அன்றைக்கு அக்கா படியிறங்கிக் கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண், பெட்டியைக் கணவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா, கீழ வச்சிடு. இதுல வால்வு திறக்காது. மூடி பறந்து மூஞ்சியில அடிக்கும். நான்தான் இதை டெஸ்ட் பண்றவ."

அந்தப் பெண் பெட்டியை வைத்துவிட்டாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடம் காலி. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. கையில் பிஸ்கட் தட்டு இருந்துவிட்டது.

குழு மீண்டும் கூடியது. மைத்துனர் குற்றச்சாட்டைச் சொன்னார்.

"அங்கீகாரம் இல்லாத தளத்துல கம்பெனி தகவலைப் பகிர்ந்திருக்காங்க அத்தான்."

"எந்தத் தளம்டா?"

"வாய்."

"அதுக்குப் பூட்டு கிடையாதா?"

"கிடையாது. வெளிய போனதை அழிக்கவும் முடியாது."

முதலாளி நடுங்கிப்போனார். டெஸ்ட் அக்கா அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

பணிநீக்க உத்தரவு தடித்த காகிதத்தில், முத்திரையோடு வந்தது. நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கினார்கள். அக்கா பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"இதையும் அந்தத் தளத்துலயே அனுப்பியிருக்கலாமே சார்?"

"அதெப்படிம்மா முடியும்?" என்றார் முதலாளி. "நாளைக்கு நீங்க, எனக்கு ஒண்ணும் வரலையேன்னு சொல்லிட்டா?"